ப்ரீத் அனலைசர் காலிபரேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவு வாகனச் சோதனையில் ஊதச் சொல்லும் கையடக்கக் கருவி காட்டும் ஒரு எண்ணை வைத்து ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விழுகிறது. அரசுப் பேருந்து ஓட்டுநர் என்றால் வேலைக்கே ஆபத்து. மறுபக்கம், அதே எண் தவறாகக் குறைந்துபோனால் போதையில் இருப்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். அந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது காலிபரேஷனை, அதாவது தெரிந்த அளவைக் கொடுத்துக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கும் வேலையைப் பொறுத்தது. இந்த வேலையில் இருப்பவன் என்பதால் ஓட்டுநர்கள், காவலர்கள், பேருந்து நிறுவன மேலாளர்கள் பலரும் என்னிடம் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இந்தியாவில் எல்லை எவ்வளவு?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185-ன்படி 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் பிடிபட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

சட்டம் ரத்தத்தில் உள்ள அளவைச் சொல்கிறது. சாலையில் இருக்கும் கருவி மூச்சைத்தான் அளக்கிறது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இந்த இடைவெளிதான் காரணம்.

மூச்சை அளந்துவிட்டு ரத்தத்தின் அளவை எப்படிச் சொல்கிறது?

ஒரு விகிதத்தை வைத்துப் பெருக்குகிறது. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் 2,100 மில்லிலிட்டர் காற்றில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறதோ, அதே அளவு 1 மில்லிலிட்டர் ரத்தத்தில் இருக்கும் என்பது பரவலாகப் பயன்படும் கணக்கு. அதன்படி நம் நாட்டு எல்லையான 30 என்பது ஒரு லிட்டர் மூச்சில் 0.143 மில்லிகிராம்.

ஆனால் உலகம் முழுக்க ஒரே விகிதம் இல்லை. அமெரிக்காவில் 2100. இங்கிலாந்தின் மூச்சு எல்லையான 100 மில்லிலிட்டருக்கு 35 மைக்ரோகிராம் என்பது 2300-ஐ வைத்து வந்தது. ஐரோப்பாவில் பல நாடுகளின் எல்லைகள் 2000-ஐ ஒட்டியவை. இறக்குமதியாகும் பல கருவிகளின் மெனுவில் இதை மாற்ற முடியும். 0.143 உள்ள ஒரே மூச்சை எடுத்துக்கொள்வோம். 2000 என்று வைத்த கருவி 28.6 காட்டும், 2300 என்று வைத்தது 32.9 காட்டும். அதே ஆள், அதே இரவு. ஒரு கருவி விட்டுவிடும், இன்னொன்று வழக்குப் போட வைக்கும். சென்சார் இரண்டிலும் பழுதில்லாமல் இருந்தாலும் இப்படி நடக்கும். அதனால் காலிபரேஷன் சான்றிதழில் இந்த விகிதத்தையும் எழுத வேண்டும் என்று நான் பார்க்கும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

உள்ளே இருக்கும் சென்சார் என்ன?

காவல்துறை பயன்படுத்தும் தரமான கருவிகளில் பெரும்பாலும் ஃப்யூயல் செல். பிளாட்டினம் பூசிய மின்முனையில் ஆல்கஹால் பட்டதும் அது அசிட்டிக் அமிலமாக மாறும்; அப்போது உண்டாகும் சிறு மின்னோட்டத்தை அளந்து எண்ணாக்குகிறார்கள். சர்க்கரை நோயாளிகளின் மூச்சில் வரும் அசிட்டோனுக்கு ஃப்யூயல் செல் அசைவதில்லை. காவல் நிலையத்தில் மேசைமேல் வைக்கும் பெரிய கருவிகளில் அகச்சிவப்புக் கதிர் முறையும் உண்டு.

காலிபரேஷன் என்றால் லேபில் என்னதான் செய்வார்கள்?

சரியான அளவு ஆல்கஹால் கலந்த ஒரு "மூச்சை" நாங்களே தயாரித்துக் கருவிக்குக் கொடுத்து, என்ன காட்டுகிறது என்று பார்க்கிறோம். அந்தச் செயற்கை மூச்சைத் தயாரிப்பதில்தான் எல்லாச் சிரமமும்.

பழைய, நம்பகமான வழி சிமுலேட்டர். மூடிய ஜாடியில் வழக்கமாக 500 மில்லிலிட்டர் ஆல்கஹால் கரைசல் இருக்கும். ஹீட்டர் அதை 34 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கும். மூச்சு வெளியே வரும் வெப்பநிலையாக எடுத்துக்கொண்ட அளவு அது. கரைசலுக்குள் காற்றைக் குமிழியாக விட்டால் அது ஆல்கஹாலையும் ஈரத்தையும் ஏந்திக்கொண்டு வெளியே வரும். திரவத்தில் எவ்வளவு கரைந்திருக்கிறதோ அதற்கு ஏற்ற விகிதத்தில்தான் ஆவியிலும் இருக்கும் என்பது ஹென்றி விதி. 34 டிகிரியில் இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 363 மில்லிகிராம் எத்தனால் இருந்தால் வெளிவரும் ஆவி நம் 30-க்குச் சமம்.

முதலில் சுத்தமான காற்று கொடுப்போம். பூஜ்யம் காட்ட வேண்டும். பிறகு எல்லைக்குக் கீழே ஒரு அளவு, எல்லையை ஒட்டி ஒன்று, மேலே ஒன்று என்று கொடுத்து, ஒவ்வொன்றையும் பலமுறை திரும்பச் செய்வோம். சராசரி சரியாக இருந்தால் மட்டும் போதாது. 30 கொடுக்கும்போது ஒருமுறை 26, மறுமுறை 34 என்று காட்டும் கருவியின் சராசரியும் 30-தான். ரீடிங்குகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதையும் பார்க்காத சான்றிதழ் அரைச் சான்றிதழ்.

சின்னச் சின்ன விஷயங்களும் காலை வாரும். ஜாடியிலிருந்து கருவிக்குப் போகும் குழாய் சூடாக இல்லையென்றால் அதன் உள்பக்கம் நீர்த்துளி படியும். ஆல்கஹாலில் கொஞ்சம் அங்கேயே தங்கிவிடும். ஒவ்வொரு ஊதலும் கரைசலிலிருந்து கொஞ்சம் ஆல்கஹாலை எடுத்துக்கொண்டு போகிறது. ஒன்றரை லிட்டர் காற்று வீதம் பத்துமுறை விட்டால் ஜாடியில் இருப்பதில் ஏறத்தாழ 1.2 சதவீதம் போய்விடும். செலவு மிச்சம் என்று அதே கரைசலை மாலை வரை ஓட்டினால் காலையில் வந்த கருவிக்கு ஒரு நியாயம், மாலையில் வந்ததற்கு ஒரு நியாயம்.

34 டிகிரியில் ஒரு டிகிரி முன்னே பின்னே இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?

ஒரு டிகிரிக்கு ஆவியின் ஆல்கஹால் அளவு 6.8 சதவீதம் மாறும். கரைசல் உண்மையில் 33 டிகிரியில் இருக்கிறது, சிமுலேட்டரின் திரையோ 34 என்கிறது என்று வையுங்கள். வெளிவரும் ஆவி 30-க்குச் சமமானது அல்ல, 28-க்குத்தான் சமம். அதைக் கொடுத்து, "இது 30" என்று கருவியை அட்ஜஸ்ட் செய்தால், அன்றிலிருந்து 28 உள்ளவருக்கெல்லாம் அது 30 காட்டும். அட்ஜஸ்ட் செய்தவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

இது ஒரு மாநிலத்தையே உலுக்கிய கதை. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆல்கோடெஸ்ட் 7110 என்ற கருவியை ஆண்டுக்கு இரண்டு முறை காலிபரேட் செய்வார்கள். கரைசல் 34-க்கு 0.2 டிகிரிக்குள் இருக்கிறதா என்று, தேசிய அளவுத்தரத்தோடு ஒப்பிட்டுச் சான்று பெற்ற ஒரு தனித் தெர்மாமீட்டரால் பார்ப்பது அதில் ஒரு படி. மாநிலக் காவல்துறையின் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இந்தப் படியைச் செய்யாமலே செய்ததாகப் பதிவு செய்தார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. அந்தப் படி இல்லாமலும் முடிவு நம்பத் தக்கதுதான் என்று அரசு வாதாடியது. 2018 நவம்பரில் 'அரசு எதிர் கேசிடி' வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஐந்து மாவட்டங்களில் 20,667 பேரின் பரிசோதனை முடிவுகளைச் சான்றாக ஏற்க முடியாமல் போனது.

அவர்களில் உண்மையிலேயே குடித்துவிட்டு ஓட்டியவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. தெர்மாமீட்டரை எடுத்து வைத்துப் பார்க்கச் சில நிமிடம் ஆகும். அதைத் தவிர்த்ததில் நிரபராதிக்கும் நியாயம் கிடைக்கவில்லை, குற்றவாளி மீதான வழக்கும் நிற்கவில்லை.

சிமுலேட்டருக்குப் பதில் கேஸ் சிலிண்டர் வைத்துச் செய்கிறார்களே, அது எளிதல்லவா?

எளிதுதான். நைட்ரஜனில் அளவாக எத்தனால் கலந்து, சான்றிதழோடு வரும் சிலிண்டர். சூடாக்க வேண்டாம், ஆல்கஹால் அளவு குறையாது, கையில் எடுத்துப் போகலாம். ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும்: காற்றழுத்தம். சிலிண்டரில் எழுதியிருக்கும் எண் கடல்மட்டத்துக்கானது. சென்னையில் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அதனால் வெளிவரும் வாயுவில் ஒரு லிட்டருக்கு இருக்கும் ஆல்கஹாலும் அதே முக்கால்தான். இதைக் கணக்கில் எடுக்காமல் ஊட்டியிலேயே வைத்து அட்ஜஸ்ட் செய்தால் கருவி ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகக் காட்டும். 23 உள்ளவர் 30-ஐத் தொட்டுவிடுவார். சிமுலேட்டருக்கு இந்தத் தொல்லை கிடையாது, அதற்கு வெப்பநிலைதான் எல்லாம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கருவி வைத்திருப்பவர்கள் தங்கள் லேபிடம் இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்.

சரிபார்ப்பதும் அட்ஜஸ்ட் செய்வதும் ஒன்றுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கருவி லேபுக்கு வந்ததும், எதையும் தொடாமல், வந்த நிலையிலேயே என்ன காட்டுகிறது என்று முதலில் பார்த்து எழுத வேண்டும். அதன் பிறகுதான் அட்ஜஸ்ட்மென்ட். பிறகு மறுபடியும் பார்த்து இரண்டாவது ரீடிங்கை எழுத வேண்டும். இரண்டாவது ரீடிங் இனி ஊதப்போகிறவர்களைப் பற்றியது. முதல் ரீடிங், கடந்த ஆறு மாதமோ ஒரு வருடமோ அந்தக் கருவியில் ஊதி அபராதம் கட்டியவர்களைப் பற்றியது.

நடைமுறையில் பல இடங்களில் முதல் ரீடிங் பதிவாவதே இல்லை. கருவி வருகிறது, நேரே அட்ஜஸ்ட் செய்கிறார்கள், பளிச்சென்று ஒரு சான்றிதழ் போகிறது. 30 கொடுத்தால் 30, 60 கொடுத்தால் 60. அனுப்பியவருக்கும் சந்தோஷம். ஆனால் வந்தபோது அது 30-க்கு 37 காட்டியிருந்தால்? அந்தத் தகவலை யாரும் எழுதவில்லை. அட்ஜஸ்ட் செய்த நிமிடத்தில் அது என்றென்றைக்கும் அழிந்துவிட்டது. கடைத் தராசில் எடைக்கல் தப்பு என்று பிடித்தவர், கல்லை மாற்றிவிட்டு, இத்தனை நாள் எவ்வளவு குறைந்தது என்று எழுதாமல் போவதைப் போன்றது இது.

தோல்வியடைந்த ரீடிங்குகளை வெளியே காட்டாமல் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மாசசூசெட்ஸ் மாநிலம் சாட்சி. அங்கே கருவிகளைச் சான்றளித்த அரசு அலுவலகம், காலிபரேஷனில் தோற்ற பணித்தாள்களை எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்குக் கொடுக்காமல் மறைத்தது பின்னால் வெளிவந்தது. 2023-ல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையான முறைகேடாகக் கருதி, 2011 ஜூன் முதல் 2019 ஏப்ரல் வரையிலான காலத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட அல்லது தண்டனை பெற்ற சுமார் 27,000 பேர் தங்கள் வழக்கை மறுபடி எழுப்ப வழி திறந்துவிட்டது. கருவி பழுதாவது இயல்பு. பழுதானதை எழுதி வைத்திருந்தால் அது ஒரு பராமரிப்புக் குறிப்போடு முடிந்திருக்கும்.

ஆகவே காவல்துறையோ பேருந்து நிறுவனமோ, ஆர்டர் கொடுக்கும்போதே "அட்ஜஸ்ட் செய்வதற்கு முந்தைய ரீடிங்கும் சான்றிதழில் வேண்டும்" என்று எழுதிக் கேளுங்கள். என்.ஏ.பி.எல். (லேப்களுக்கான இந்திய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற, ஐஎஸ்ஓ 17025 என்ற சர்வதேச லேப் தரத்தைப் பின்பற்றும் லேப் என்றால், எடுத்த முந்தைய ரீடிங்கைக் கொடுத்தாக வேண்டும். அட்ஜஸ்ட் செய்திருந்தால், முன், பின் ரீடிங்குகள் கைவசம் இருக்கும்பட்சத்தில் இரண்டையும் சான்றிதழில் சொல்ல வேண்டும் என்பது அந்தத் தரத்திலேயே இருக்கிறது.

காலிபரேஷன் தேதி தாண்டிய கருவி எப்போதும் அதிகமாகத்தான் காட்டுமா?

பொதுவாகத் தலைகீழ். ஃப்யூயல் செல் வயதாக ஆக, உலர உலர, அதன் மின்னோட்டம் குறையும், ரீடிங்கும் குறையும். சரியாக அட்ஜஸ்ட் செய்து, பிறகு மறந்துபோன கருவி பெரும்பாலும் குடித்தவரைத் தப்பவிடும். அதிகமாகக் காட்டுவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது தவறான அட்ஜஸ்ட்மென்ட்தான். "தேதி தாண்டிவிட்டது, அதனால் நான் குடிக்கவில்லை" என்ற வாதம் அறிவியல்படி நிற்காது. தேதி தாண்டினால் எண்ணுக்குப் பின்னால் ஆதாரம் இல்லை என்பது மட்டும் உண்மை.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும்?

தயாரிப்பாளர் சொல்வதுதான் தொடக்கம். 6 மாதம் அல்லது 12 மாதம் என்பது வழக்கம். ஆனால் வாரக் கடைசியில் நூற்றுக்கணக்கானோர் ஊதும் கருவியும், மேசை டிராயரில் தூங்கும் கருவியும் ஒன்றல்ல. மே மாத வெயிலில் ரோந்து ஜீப்பின் டேஷ்போர்டில் கிடக்கும் கருவியின் நிலை இன்னும் மோசம். அட்ஜஸ்ட் செய்வதற்கு முந்தைய ரீடிங் ஒவ்வொரு முறையும் பெரிதாக விலகி வருகிறது என்றால் இடைவெளியைக் குறையுங்கள். அந்த ரீடிங்கைப் பதிவு செய்தால்தான் இதுவும் தெரியும்.

எனக்கு 33 வந்தது. எல்லை 30. கருவியில் பிழை இருக்க வாய்ப்பு உண்டா?

உண்டு. சாட்சியமாகப் பயன்படும் மூச்சுக் கருவிகளுக்கான சர்வதேசச் சட்ட அளவியல் அமைப்பின் பரிந்துரை ஆர் 126. அதன் 2012 பதிப்பு, புதுக் கருவிக்கு லிட்டருக்கு 0.020 மில்லிகிராம் அல்லது 5 சதவீதம், பயன்பாட்டில் உள்ளதற்கு 0.030 மில்லிகிராம் அல்லது 7.5 சதவீதம், இவற்றில் எது பெரிதோ அந்த அளவு பிழையை அனுமதிக்கிறது. நம் கணக்கில் 0.030 என்பது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 6.3 மில்லிகிராம். அதாவது அந்தக் கண்டிப்பான அளவுகோலில் தேறிய கருவிகூட உண்மையான 30-ஐ 36 என்று காட்டலாம், 24 என்றும் காட்டலாம். நம் எல்லை மிகத் தாழ்வானது. பிழையின் பங்கு அங்கே பெரிதாகத் தெரியும்.

இங்கிலாந்தில் மூச்சு எல்லை 35 மைக்ரோகிராம். ஆனாலும் 40-க்குக் கீழே வழக்குத் தொடுப்பதில்லை என்பது அங்கே நெடுநாள் நடைமுறை. எல்லையைத் தளர்த்தாமல், அளவீட்டின் பிழையை மதித்த ஏற்பாடு அது. இங்கும் 31 முதல் 36 வரை வருபவர்களை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவதே நியாயம் என்பது என் கருத்து. 120 வந்தவருக்கு இந்தப் பேச்சே தேவையில்லை.

மவுத்வாஷ், இருமல் மருந்து, பலாப்பழம் எல்லாம் காட்டுமாமே?

காட்டும். அது காலிபரேஷன் பிழை அல்ல. வாயில் உண்மையிலேயே ஆல்கஹால் இருக்கிறது, கருவி அதைச் சரியாகத்தான் அளக்கிறது. ரத்தத்தில் இல்லை, அவ்வளவுதான். 2025-ல் கேரளாவின் பந்தளம் அரசுப் பேருந்துப் பணிமனையில் நன்கு பழுத்த பலாப்பழம் சாப்பிட்ட ஓட்டுநர்களுக்குக் கருவி மது காட்டியது. விமானப் பணியாளர்கள் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் பயன்படுத்தக் கூடாது என்று விமானப் போக்குவரத்து இயக்ககம் 2023-ல் விதியே போட்டது. தீர்வு எளிது: வாயைக் கொப்பளித்து, 15 நிமிடம் காத்திருந்து, மறுபடி ஊத வேண்டும். வாயில் இருந்தது போய்விடும், ரத்தத்தில் இருந்தால் அப்படியே நிற்கும். சோதனை செய்யும் காவலர் கையில் ஈரம் காயாத சானிடைசரும் இதே குழப்பத்தைச் செய்யும்.

சாலையில் நிறுத்தும்போது நான் என்ன கேட்கலாம்?

பணிவாகக் கேளுங்கள், சண்டை வேண்டாம். புது மவுத்பீஸ் போடச் சொல்லுங்கள். நீங்கள் ஊதுவதற்கு முன் கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். இந்த வெற்றுச் சோதனை பூஜ்யமாக இல்லாவிட்டால் முடிவை ஏற்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. கருவியின் வரிசை எண், காலிபரேஷன் ஸ்டிக்கரில் உள்ள தேதி இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரிண்ட் வந்தால் நகல் கேளுங்கள். முடிவில் உடன்பாடு இல்லையென்றால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்; பிரிவு 185 ஆய்வகப் பரிசோதனையையும் ஏற்கிறது. தாமதிக்காதீர்கள். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஆல்கஹால் மணிக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை குறைந்துகொண்டே போகும் என்பதால், எல்லையை ஒட்டி எண் வந்திருந்தால் இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தம் உங்களுக்கும் நிரூபணம் ஆகாது, காவல்துறைக்கும் ஆகாது. ஊத மறுப்பது மட்டும் வேண்டாம். நியாயமான காரணம் இல்லாத மறுப்பையே உங்களுக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்ளப் பிரிவு 205 இடம் கொடுக்கிறது.

ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கருவியை வாங்கி, ஊதிப் பார்த்துவிட்டு வண்டி எடுக்கலாமா?

கூடாது. அவற்றில் பெரும்பாலானவை குறைக்கடத்தி சென்சார். சிகரெட் புகைக்கும், பெர்ஃப்யூமுக்கும், காற்றின் ஈரத்துக்கும்கூட அசையும். சில மாதங்களில் விலகிவிடும். காலிபரேட் செய்ய ஆகும் செலவில் புதிதாகவே இன்னொன்று வாங்கலாம் என்பதால் யாரும் அதை லேபுக்குக் கொண்டுவருவதில்லை. அது 0 காட்டியது என்பதை நம்பிச் சாவியை எடுக்காதீர்கள். குடித்திருந்தால் ஆட்டோவோ கால் டாக்ஸியோ பிடியுங்கள்.